கனிம, ரத்தினக்கல் சேகரிப்புக் கழகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல் பொறுக்குவதற்கு ஒரு கழகம் எதற்கு?

தனியாகவும் பொறுக்கலாம். பலரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். இரண்டு ஆண்டு போனதும் சிக்கல்கள் தெரியவரும். குவாரிக்காரர் தனியாளை உள்ளே விடமாட்டார். கல் அறுக்கும் இயந்திரத்தை வீட்டில் வைக்க இடமிருக்காது. ‘இது குவார்ட்ஸ் இல்லை, கால்சைட்’ என்று திருத்திச் சொல்லவும் ஆள் இருக்காது. இவற்றைத் தீர்க்கவே ஆட்கள் கூடுகிறார்கள்.

பெரிய பயன் வேறொன்று, அது வெளியே தெரியாதது. சேகரித்தவர் காலமான பிறகும் அவருடைய கல் எந்த மண்ணிலிருந்து வந்தது என்ற தகவல் பிழைத்திருக்க வேண்டும். அதற்கு வழிசெய்வது கழகம்தான். ஒரு மாதிரிக்கு மதிப்பு தருவதில் பளபளப்புக்குப் பாதிப் பங்குகூடக் கிடையாது. கூடவே இருக்கும் சிறு சீட்டுதான் அதைத் தருகிறது.

உறுப்பினர் அல்லாத ஊர்க்காரர்களுக்கு இதனால் என்ன கிடைக்கிறது?

மாதம் ஒரு நாள் ‘உங்கள் கல்லைக் கொண்டுவாருங்கள்’ என்று மேசை போட்டு உட்கார்ந்தால் முதலில் வருவது ‘விண்கல்’தான். பத்தில் ஒன்பது இரும்பு உருக்கிய கசடாகவோ காந்தக்கல்லாகவோ ஹெமடைட்டாகவோ இருக்கும். உள்ளே காற்றுக்குமிழிகள் இருந்தால் பெரும்பாலும் கசடு. மெருகிடாத வெண்பீங்கானில் தேய்த்துச் செம்பழுப்புக் கோடு விழுந்தால் ஹெமடைட், கறுப்புக் கோடு விழுந்தால் மேக்னடைட் எனும் காந்தக்கல். உண்மையான விண்கல் பொதுவாகக் கோடு விடாது. அதன் மேல் மெல்லிய, கருகிய தோல் ஒன்று படிந்திருக்கும். வந்தவர் சற்று ஏமாற்றத்தோடு போனாலும், அடுத்த முறை கல்லைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார்.

அதைவிட நீண்ட நாள் நிற்பது இடங்களின் பதிவு. குவாரிகள் ஒருநாள் தூர்க்கப்படும், சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஃபிராங்க்ளின், ஸ்டெர்லிங் ஹில் என்ற இரண்டு துத்தநாகச் சுரங்கங்கள் 1954-லும் 1986-லும் மூடப்பட்டன. அந்தச் சிறு வட்டாரத்தில் 350-க்கும் மேற்பட்ட கனிம வகைகள் பதிவாகியிருக்கின்றன. சுரங்கத் தொழிலாளர்களும் உள்ளூர்ச் சேகரிப்பாளர்களும் எடுத்துவைத்திராவிட்டால் அவற்றில் எத்தனையோ மாதிரிகள் உலைக்குப் போயிருக்கும்.

கல்லை அடையாளம் காண்பது எப்படி? நிறத்தைப் பார்த்தால் போதாதா?

நிறத்தை நம்பினால் கெட்டீர்கள். குவார்ட்ஸ் நிறமற்றும் இருக்கும், வெள்ளை, ஊதா, புகை நிறம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்றும் வரும். நம் ஊர்ப்பக்கம் வெங்கச்சாங்கல் என்பதும் அதே இனம்தான். கழக மேசையில் சோதனைகள் ஓர் ஒழுங்கில் நடக்கும்.

முதலில் கடினத்தன்மை. ஃபிரெட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த பத்துப் படிகளை இன்றும் பயன்படுத்துகிறோம், எண் கூடியது எண் குறைந்ததைக் கீறும்: டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃபுளோரைட் 4, அபடைட் 5, ஆர்த்தோகிளேஸ் 6, குவார்ட்ஸ் 7, புஷ்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10. விரல்நகம் சுமார் 2.5, சன்னல் கண்ணாடி சுமார் 5.5, எஃகு அரம் சுமார் 6.5. (மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் நிறவேறுபாடுகளே. அந்தக் கனிமத்துக்கு உலகம் முழுக்க வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயரே தமிழ்க் குருந்தத்திலிருந்து போனது.)

இதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கீறியதும் தெரியும் வெள்ளைக்கோட்டை அப்படியே கீறல் என்று எடுத்துக்கொள்வார்கள். ஈரவிரலால் துடைத்துப் பாருங்கள். கோடு அழிந்துவிட்டால் கீறிய பொருள்தான் தேய்ந்திருக்கிறது. உதிரும் கல்லிலும் வெயில் மழையில் வெந்த மேற்தோலிலும் எண் குறைவாகக் காட்டும், அதனால் புதிதாக உடைந்த முகத்தில் சோதியுங்கள். பட்டை தீட்டிய ரத்தினத்தையோ நல்ல படிக முகத்தையோ ஒருபோதும் கீறிப் பார்க்கக் கூடாது.

அடுத்து ஒப்படர்த்தி, அதாவது அதே பருமனுள்ள தண்ணீரைவிடக் கல் எத்தனை மடங்கு கனம் என்பது. ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு போதும்.

1. உலர்ந்த கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.
2. தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள்.
3. கல்லை மெல்லிய நூலில் கட்டி முழுதும் மூழ்கும்படி பிடியுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது.
4. முதல் எடையை இப்போது தராசு காட்டும் எண்ணால் வகுங்கள்.

கல் 53 கிராம், மூழ்கியபோது தராசு 20 காட்டினால் விடை 2.65, அது குவார்ட்ஸாக இருக்கலாம். ஃபுளோரைட் 3.18, புஷ்பராகம் சுமார் 3.5, குருந்தம் 4.0, பேரைட் 4.5, கலீனா 7.5. கல்லில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும், துளைகள் இருந்தாலும், வேறு பாறை சேர்ந்திருந்தாலும் எண் பிசகும். மூழ்கவைக்கும் முன் ஒரு சொட்டு சோப்புநீர் தடவினால் குமிழி ஒட்டாது.

கால்சைட்டா என்ற சந்தேகத்துக்கு, பத்துச் சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு. நன்றாகப் பொங்கினால் கால்சைட். அதை ஒத்த டோலமைட் பொடியாக்கினால்தான் நன்றாகப் பொங்கும். முழுக்கல்லில் சொட்டுவிட்டு ‘எதுவும் நடக்கவில்லை’ என்று ஒதுக்குபவர்கள் நிறைய.

நவரத்தினம் எல்லாமே கனிமம்தானா?

இல்லை. முத்தும் பவளமும் உயிரினங்கள் உண்டாக்கியவை. மற்ற ஏழும் கனிமங்கள். மாணிக்கத்தையும் நீலத்தையும் ஒரே கனிமமாக எண்ணினால் அந்த ஏழும் ஆறாகும்.

சீட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

கனிமத்தின் பெயரைவிடக் கிடைத்த இடம் முக்கியம். பெயரைப் பின்னால் வருகிறவர் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்துக்கொள்வார். இடத்தை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. ‘மலையடிவாரம்’, ‘பழைய குவாரி’ போன்ற குறிப்புகளால் பயனில்லை. குவாரி அல்லது சுரங்கத்தின் பெயர், ஊர், மாவட்டம், நாடு, அட்சரேகை தீர்க்கரேகை ஆகியவை வேண்டும். ஆயத்தொலைவுகளில் நான்கு தசம இலக்கம் எழுதினால் சுமார் 11 மீட்டருக்குள் வந்துவிடலாம். அதோடு எடுத்த தேதி, எடுத்தவர் பெயர், வாங்கியதானால் யாரிடமிருந்து என்ற விவரம். எடுப்பதற்கு முன்பே, பக்கத்தில் அளவுகோல் வைத்து, கல் இருந்த நிலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சீட்டு தனியே பிரிந்துவிடும் என்பதால் கல்லின் மேலேயே எண் எழுத வேண்டும். அடிப்பக்கத்தில் மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் இடம் போதும். அசிட்டோனில் கரைத்த பேராலாய்டு பி-72 என்ற பிசினை முதலில் பூசி, காய்ந்ததும் வெள்ளை வண்ணம் தொட்டு, அதன் மேல் அழியா மையில் எண், மேலே மறுபடி ஒரு பூச்சுப் பிசின். நேரடியாகக் கல்லில் எழுதினால் மை துளைகளுக்குள் இறங்கிவிடும், பின்னால் நீக்கவே முடியாது. பிசின் வழியில் எழுதியதை அசிட்டோன் பட்டால் எடுத்துவிடலாம். தண்ணீரில் கரையும் உப்புக் கனிமங்களை இப்படிச் செய்யாமல் பெட்டியின் மேல் எழுதுங்கள்.

பழைய சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். எழுத்துப்பிழை இருந்தாலும், பெயர் தவறாக இருந்தாலும் அது அப்படியே கூட இருக்கட்டும். உங்கள் சீட்டைப் புதிதாகச் சேர்த்துவையுங்கள்.

களப்பயணத்துக்கு என்ன ஏற்பாடு தேவை?

முதலில் நில உரிமையாளரின் எழுத்துவழி அனுமதி, பிறகு அந்த இடத்துக்குப் பொருந்தும் சுரங்க, வன, தொல்லியல் சட்டங்கள் எவை என்ற விசாரிப்பு. பொறுப்புக் காப்பீடு கேட்காத குவாரி அரிது. ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். உள்ளே போனவர்களின் எண்ணிக்கையும் வெளியே வந்தவர்களின் எண்ணிக்கையும் சரிபார்க்கப்பட வேண்டும். கேட்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் இதில்தான் கழகங்கள் அனுமதியைத் தக்கவைத்துக்கொள்கின்றன.

தலைக்கவசம், ஒளிரும் மேலாடை, எஃகுமுனைக் காலணி, பக்கம் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாதவர் வாகனத்திலேயே இருக்கட்டும். செங்குத்துப் பாறைமுகத்தின் கீழ் நிற்கக் கூடாது. அதன் உயரத்துக்குக் குறையாத தூரத்தில் விலகி, கீழே ஏற்கெனவே குவிந்து கிடக்கும் கல்லில் தேடுவதே முறை. மழை பெய்த மறுநாள் பாறைகள் தளர்ந்திருக்கும், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வெடிமருந்துக் கம்பியோ வெடிக்காத குழாயோ கண்ணில் பட்டால் தொடாமல் உடனே குவாரிப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும்.

சுத்தியல் விஷயத்திலும் கவனம் தேவை. தச்சுச் சுத்தியல் பாறைக்கு ஆகாது, முனை சிதறிக் கண்ணில் பாயும். ஒரு சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடிப்பதும் அதே காரணத்தால் ஆபத்து. உளியின் தலை காளான்போல் விரிந்துவிட்டால் அரைத்துச் சமப்படுத்தும்வரை அதைத் தொடாதீர்கள்.

திரும்பியதும், கிடைத்தவற்றில் நல்லதொன்றைச் சீட்டு எழுதிக் குவாரிக்காரருக்குக் கொடுங்கள். அவருடைய மேசையில் அது இருக்கும்வரை அடுத்த அனுமதி எளிது.

கல்லை எடுத்துக்கொண்டே போனால் தீர்ந்துவிடாதா?

இயங்கும் குவாரியில் நீங்கள் எடுக்காதது அரவை இயந்திரத்துக்குப் போகும், அங்கே எடுப்பது காப்பாற்றுவதுதான். இயற்கையாக வெளித்தெரியும் பாறையில் கணக்கே வேறு. சாலையோர வெட்டுமுகம் ஒன்று ஒரு வட்டாரத்தின் பள்ளிகளுக்கெல்லாம் பாடமாக இருக்கலாம். அங்கே சுத்தியலுக்கு வேலையில்லை, படம் போதும். மற்ற இடங்களில் ஆளுக்கு ஒரு வாளி என்று வரம்பு வைக்கும் கழகங்கள் உண்டு. விற்பதற்காக அள்ளுகிற ஓர் உறுப்பினர் போதும், எல்லோருக்கும் கதவு மூடப்பட்டுவிடும்.

கையால் தொடக் கூடாத கற்கள் உண்டா?

உண்டு, அவற்றுள் பலவும் அழகானவை. சாதிலிங்கத்தில் பாதரசம் இருக்கிறது, சூடாக்கவே கூடாது. அரிதாரமும் மனோசிலையும் ஆர்சனிக் சேர்ந்தவை. கலீனாவில் ஈயம். தொட்டபின் கை கழுவினால் இவற்றைப் பார்வைக்கு வைக்கலாம், ஆனால் அறுக்கவோ அரைக்கவோ கூடாது. மயில்துத்தம் இயற்கையிலும் நீலப் படிகமாகக் கிடைக்கும், நாவில் வைத்துப் பார்ப்பது விஷம். நார்நாராகப் பிரியும் கிரைசோடைல், குரோசிடோலைட் இரண்டும் கல்நார் வகை, மூடிய பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள். யுரேனினைட், ஆட்டுனைட் போன்ற யுரேனியக் கனிமங்கள் ரேடான் வாயுவை வெளிவிடும், எனவே படுக்கையறையில் வைக்கக் கூடாது. காற்றோட்டமான தனியிடத்தில் கதிரியக்கக் குறியோடு வையுங்கள்.

சாதாரண குவார்ட்ஸ் தூசியும் ஆளைக் கொல்லும். உலர அறுத்தால் கிளம்பும் நுண்துகள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் வரும், அது குணமாகாது. கழகப் பட்டறையில் அறுப்பும் அரைப்பும் எப்போதும் ஈரத்தில்தான். தரையில் காய்ந்த சேற்றையும் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

அழுக்கை எப்படி எடுப்பது?

தண்ணீர், சோப்பு, பழைய பல்துலக்கி. பாதிக் கற்களுக்கு இதற்கு மேல் தேவையில்லை. இந்துப்பு, மயில்துத்தம் போன்ற கரையும் கனிமங்களுக்கு இதுவும் ஆகாது, உலர்ந்த தூரிகை மட்டுமே.

குவார்ட்ஸ் மேல் படிந்த துருக்கறைக்கு ஆக்சாலிக் அமிலம். பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி, அதில் சுமார் 100 கிராம் அமிலத்தூளைப் போட்டுக் கரையுங்கள். கரைசல் தயாரிக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். கையுறையும் கண்ணாடியும் போட்டுத் திறந்தவெளியில் செய்யுங்கள், சூடேற்ற வேண்டாம். ஒரு நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகலாம். எடுத்தபின் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பல நாள் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். அவசரப்பட்டால் இடுக்குகளில் மஞ்சள் படிந்துவிடும், அது முதலில் இருந்த துருவைவிடப் பிடிவாதமானது. பழைய கரைசலில் சோடா உப்பைச் சிறிது சிறிதாகப் போட்டு, நுரை அடங்கியபின் அகற்றுங்கள். கால்சைட் ஒட்டியிருக்கும் கல்லை இதில் போட்டால் கால்சைட் அரிக்கப்பட்டு வெண்மையாகப் பூத்துப்போகும்.

ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் பற்றி யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். தோலில் பட்டு வலி தெரியும் முன்பே உள்ளே இறங்கிவிடும்.

பெட்டியில் வைத்த கல் தானாகக் கெடுமா?

கெடும். பைரைட் முதல் எதிரி. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் சில பைரைட்டுகள் பொடியாக வெளிறிக் கந்தக அமிலத்தைக் கக்கும். அந்த அமிலம் பெட்டியைத் தின்னும், பக்கத்துக் கல்லைத் தின்னும், சீட்டையும் தின்னும். வெள்ளை அல்லது மஞ்சள் பொடி கண்டால் உடனே தனியே எடுத்து, சிலிக்கா ஜெல்லோடு மூடிவையுங்கள். சீட்டைப் படியெடுத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

மனோசிலை வெளிச்சத்தில் மஞ்சள் பொடியாக மாறிவிடும். செவ்வந்திக்கல் என்ற ஊதாக் குவார்ட்ஸ் வெயிலில் வெளிறும். இவை இழுப்பறைக்குள் இருக்க வேண்டியவை.

பட்டறையில் புதியவர்கள் எதில் தொடங்குவது?

உருட்டு இயந்திரத்தில். ஒன்றரைக் கிலோ உருளையை மூன்றில் இரண்டு முதல் நான்கில் மூன்று பங்கு வரை கல்லால் நிரப்புங்கள். குறைந்தால் கல் மோதி உடையும், கூடினால் உருளாது. 60/90 பருமனுள்ள சிலிக்கான் கார்பைடு அரைப்புத்தூள் (எண் கூடக்கூடத் தூள் நுண்மையாகும்) நான்கு மேசைக்கரண்டி, மேல் அடுக்குக் கல்லுக்குச் சற்றுக் கீழே நிற்கும் அளவு தண்ணீர், ஏழு நாள் ஓட்டம். பிறகு 120/220, அதன்பின் 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு மெருகுத்தூள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு வாரம். முதல் கட்டத்தில் பள்ளம் தீராத கற்களை மறுபடியும் முதல் கட்டத்திலேயே போடுங்கள். அடுத்த தூள் அந்தப் பள்ளத்தை எடுக்காது.

மெருகு வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். முந்தைய கட்டத்தின் ஒரு துகள் உருளையின் மூடியிடுக்கில் ஒட்டியிருக்கும். எனவே கட்டத்துக்குக் கட்டம் கல்லையும் உருளையையும் மூடியையும் தனித்தனியே கழுவுங்கள். கடினத்தன்மை ஒத்த கற்களை மட்டுமே சேர்த்துப் போடுங்கள். குவார்ட்ஸோடு ஃபுளோரைட்டைப் போட்டால் ஃபுளோரைட் மறைந்துபோகும். சேற்றைக் கழிவுக்குழாயில் ஊற்றக் கூடாது, சிமெண்ட்போல் இறுகிவிடும். வாளியில் தெளியவைத்து, படிந்ததைக் குப்பையில் போடுங்கள். உருளைக்குள் வாயு சேரலாம், இரண்டு நாளுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து மூடுங்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் போனால் என்ன காட்டுவது?

பேச்சைக் குறைத்துக் கையில் கொடுங்கள். காகிதத்தில் எழுதும் கிராஃபைட், நகத்தால் கீற வரும் மாக்கல், ஏடுஏடாக உரியும் காக்காப்பொன், தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல், ஊசியை இழுக்கும் காந்தக்கல், எழுத்தை இரண்டாகக் காட்டும் தெளிந்த கால்சைட். இந்த ஆறும் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும். கலீனா கனமாக இருந்து வியப்பூட்டும் என்றாலும் ஈயம், சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம்.

வீட்டில் செய்யப் படிகாரம் சொல்லுங்கள். 200 மில்லி வெந்நீரில் 40 கிராம் கரைத்து, வடிகட்டி, ஆறவிட்டால் அடியில் சிறு படிகங்கள் தோன்றும். நேர்த்தியான ஒன்றை நூலில் கட்டி, வடித்தெடுத்த கரைசலில் தொங்கவிட்டு அசையாமல் வைக்க வேண்டும். கரைசல் இன்னும் சூடாக இருக்கும்போது தொங்கவிட்டால் விதைப்படிகம் கரைந்துபோகும்.

இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு அடித்தால் சில ஃபுளோரைட்டுகள் நீலமாக ஒளிரும். ஒளிர்தலுக்கு ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1852-இல் ‘ஃபுளோரசன்ஸ்’ என்று பெயர் வைத்ததே இந்தக் கனிமத்தைக் கொண்டுதான். 254 நானோமீட்டர் விளக்கு கண்ணையும் தோலையும் சுடும், பிள்ளைகள் கூட்டத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கல் கொடுங்கள், ஆனால் சீட்டை அவர்களே எழுதட்டும்.

வாங்கிய கல் அசலா என்று கழகம் சொல்லுமா?

முடிந்தவரை சொல்லும். நீலச் சாயம் ஏற்றிய ஹவ்லைட் என்ற வெள்ளைக் கல் பெரோசாவாக விற்கப்படும், அசிட்டோன் நனைத்த பஞ்சில் நிறம் ஒட்டினால் சாயம். சூடாக்கிய செவ்வந்திக்கல் சிட்ரின் என்ற மஞ்சள் குவார்ட்ஸாக வரும். தங்கத்துகள் மின்னும் ‘சூரியக்கல்’ பல நேரம் செப்புத்துகள் கலந்த கண்ணாடி. உருப்பெருக்கியில் உருண்டைக் குமிழிகள் தெரிந்தால் கண்ணாடி என்றே சந்தேகப்படலாம். மாணிக்கம், நீலம், மரகதத்தில் செயற்கையா இயற்கையா என்பதைக் கைச்சோதனையால் முடிவு செய்ய முடியாது, ரத்தினவியல் ஆய்வுக்கூடம் போக வேண்டும். விலை மதிப்பிடுவது கழகத்தின் வேலையல்ல. அதில் இறங்கிய கழகங்களில் மனக்கசப்புதான் மிஞ்சும்.

உறுப்பினர் காலமானால் அவருடைய சேகரிப்பு என்ன ஆகும்?

குடும்பத்துக்கு அது பெட்டிபெட்டியாகக் கல். எடைக்குப் போகும், அல்லது தோட்டத்தில் கொட்டப்படும். கழகம் ஆள் அனுப்பும்போது கல்லுக்கு முன் நோட்டுப் புத்தகங்களையும் கடிதங்களையும் தேட வேண்டும், பதிவேடு கிடைத்துவிட்டால் மீதி எளிது. எதையும் இடம் மாற்றாமல் ஒவ்வொரு இழுப்பறையையும் படம் எடுங்கள். சீட்டு விழுந்திருந்தாலும், எந்தக் கல்லின் பக்கத்தில் கிடந்தது என்பது ஒரு துப்பு.

தனியார் சேகரிப்பிலிருந்து பொது நிறுவனம் பிறந்ததற்கு முன்னுதாரணம் பெரியது. லண்டன் மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோனின் சேகரிப்பை அடித்தளமாகக் கொண்டே 1753-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தோன்றியது. எதிர்மாறான கதையும் உண்டு. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குச் செல்வத்தை எழுதிவைத்த ஜேம்ஸ் ஸ்மித்சனின் கனிமச் சேகரிப்பு 1865 தீவிபத்தில் அழிந்தது. முழுப் பதிவேட்டின் படியை வேறொரு கட்டடத்தில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

நாங்களே ஒரு கழகம் தொடங்கலாமா?

எட்டுப் பேர் இருந்தால் தொடங்கலாம். அமெரிக்காவின் டூசான் நகரத்து உலகப் புகழ்பெற்ற கனிமக் கண்காட்சியே, உள்ளூர்க் கழகம் ஒன்று 1955-இல் ஒரு பள்ளிக்கூடத்தில் நடத்திய சிறு காட்சியாகத்தான் ஆரம்பமானது. தலைவர், பொருளாளரோடு பதிவாளர் என்று ஒருவரை முதல் நாளே நியமியுங்கள். கல்லுக்கு எண் கொடுப்பதும் பதிவேடு வைப்பதும் அவர் பொறுப்பு. நுண்ணோக்கியும் அறுவை இயந்திரமும் யாருடைய வீட்டில் இருந்தாலும் அவை கழகச் சொத்து என்று எழுதிக் கையொப்பம் வாங்கிவையுங்கள். அது வாய்ப்பேச்சாக இருந்ததால் உடைந்த கழகங்கள் பல.

கழகத்தையே மூட நேர்ந்தால்?

அதற்கான விதியைத் தொடங்கும்போதே எழுதிவிட வேண்டும். மாதிரிகளும் பதிவேடும் பிரியாமல் ஒரே இடத்துக்குப் போக வேண்டும், ஏற்கப்போகும் அருங்காட்சியகம் அல்லது கல்லூரியின் சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும். அவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இடத் தகவல் இல்லாத கற்களைப் பள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம், பிள்ளைகள் கீறிப் பார்ப்பதற்கு அவை நன்றாகப் பயன்படும்.